குவைத்துப் பெட்டியில் வெந்த வட்டிலப்பம்

கல்முனைக்குடி முனவ்வறா மருதமுனைச் சுபைறாவுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், கட்டுநாயக்காவில் சுங்க மேசைக்கு முன்னால் நின்று வாங்கிய கடன் அது. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. வாங்கியவளுக்கும் கொடுத்தவளுக்கும் அதற்கு முதல் நாள் வரை முகப்பழக்கம்கூடக் கிடையாது.

கடன் பட்டது ஒரு மைக்ரோவேவ் பெட்டிக்காக. இன்றைக்கு அந்தப் பெட்டி எத்தனையோ வீடுகளில் இருக்கும். தேத்தண்ணி சூடாக்குவார்கள், பழங்கறியைச் சூடாக்குவார்கள், அதோடு சரி. ஆனால் நெருப்பில்லாத அந்த அடுப்பில் ஒரு சாமானை ஒழுங்காக ஆக்கி, விற்று, காசு கண்டவள் இந்தக் கரையில் முதன்முதல் முனவ்வறாதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெட்டியில் எழுதியிருந்த இங்கிலீசில் ஒரு எழுத்தும் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் அதே பெட்டியில் முட்டையை வெடிக்க வைத்துவிட்டு நிற்பதைப் பிற்காலத்தில் எல்லாரும் கண்டதுதான். அவள் படிக்காமல் பிடித்தாள். பிடித்த கதை இது.

மூன்று வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். சம்பளம் முழுக்க மாதாமாதம் ஊருக்குப் போய்க் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிவிட்டது. திரும்புகிற மாதம் வீட்டுக்காரி புதிதாகப் பெரிய மைக்ரோவேவ் ஒன்று வாங்கினாள். பழையதை, "நீ என்னைவிட நன்றாக இதில் சமைக்கிறாய், கொண்டு போ" என்று அரபியில் சொல்லி முனவ்வறாவுக்கே கொடுத்துவிட்டாள். பழையது என்றாலும் கண்ணாடி போலத் துடைத்து வைத்த பெட்டி. அதுதான் வினையாகிவிட்டது. சுங்கத்தில் இருந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து நாலாயிரத்து இருநூறு கட்டச் சொன்னார். கட்டாவிட்டால் வைத்துவிட்டுப் போகலாம் என்றார். முனவ்வறாவின் கையில் பஸ் காசு மட்டும் இருந்தது.

அதே விமானத்தில் வந்தவள் சுபைறா, அவளும் மூன்று வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். நாலைந்து வயது மூத்தவள். வரிசையில் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னகா இது, டீவியா?"

"அடுப்பு ராத்தா."

"அடுப்பா? நெருப்பு எங்கால வாற?"

"நெருப்பில்ல. கரண்டுல வேகும்."

"நெருப்பில்லாத அடுப்புக்கு நாலாயிரமா? உட்டுட்டு வாகா. ஊருல மூணு கல்லு வெச்சு ஆக்கினா ஆரும் வரி கேக்கமாட்டாங்க."

"இதால நான் உழைப்பன் ராத்தா. எனக்கு இதப்பத்தித் தெரியும். ஹஜ் மாசம் பொறக்கிறத்துக்கு முந்தி உங்கட காசி உங்கட கையில இரிக்கும்."

கேட்டது கடன்தான், கேட்ட விதம் தானம் கொடுக்கிறவள் கேட்பது போல இருந்தது. சுபைறா இடுப்புப் பையை அவிழ்த்தாள்.

"இது என்ட மகள்ட வீட்டுக்கு ஓடு வாங்கிற காசி, தெரிஞ்சுக்க. செவரு எழும்பிட்டு. ஹஜ் மாசம் கலியாணம். ஓடு போடாத வீட்டுக்கு மாப்புள்ள வரமாட்டாரு."

பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே அந்த நாலாயிரத்து இருநூறும் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே நிற்க வேண்டிய கூரை. முனவ்வறா அதை விளங்கிக்கொண்டுதான் கையை நீட்டினாள்.

பெட்டி பஸ்ஸின் கூரையில் மெத்தை சுற்றி வந்து இறங்கியது. அவளுடைய புருஷன் அப்துல் கபூர் கல்முனைக்குடியில் சைக்கிள் திருத்துகிறவர். பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, தெரு முழுக்கப் பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கண்ணாடி போட்ட பெட்டி குவைத்திலிருந்து வந்தால் அது என்னவாக இருக்கும்? ஊர் தானாகவே முடிவு செய்துவிட்டது. அஸர் தொழுகை முடிகிற நேரம் விறாந்தையில் பாய் விரித்து இருபது இருபத்தைந்து பேர் இருந்துவிட்டார்கள்.

"அன்ரனா எங்க கபூர் காக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"அடுப்புக்கு என்னத்துக்குடா அன்ரனா?"

"அடுப்பா? அப்ப படம் வராதா?"

"கோழி சுத்துறது தெரியும். அதப் பாரு."

பெட்டியின் பிளக்குக்கு மூன்று சதுரக் கால். சுவரில் இருந்ததோ வட்ட ஓட்டை. பாண்டிருப்பிலிருந்து குணம் என்ற கரண்ட் வேலைக்காரப் பொடியன் வந்து பிளக்கை மாற்றிக் கொடுத்தான். வந்த சனத்தைச் சும்மா அனுப்ப முனவ்வறாவுக்கு மனமில்லை. முட்டையை அடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்த்து வட்டிலப்பம் கரைத்தாள். விருந்தாளிகளுக்கு வைப்பது என்றால் நல்ல கோப்பையில்தானே வைக்க வேண்டும். அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்கு வந்த, விளிம்பில் தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பைகளை எடுத்தாள்.

தகரம், அலுமினியம், வெள்ளி எதுவும் பெட்டிக்குள்ளே போகக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். குவைத்து வீட்டுக்காரி நூறு முறை சொல்லியிருந்தாள். ஆனால் அங்கே பெட்டிக்கென்று தனியாகக் கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. பீங்கானில் மயிர் போல ஓடுகிற தங்கக் கோடும் உலோகம்தான் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. நம்முடைய வீடுகளில் தங்கக் கோடில்லாத கோப்பையில் விருந்தாளிக்கு யார் கொடுப்பார்?

குமிழைத் திருப்பினாள். பெட்டிக்குள்ளே படபடவென்று நீலப் பொறி பறந்தது. கோப்பையின் விளிம்பைச் சுற்றி மின்னல் ஓடியது. பாயில் இருந்தவர்கள் எழும்பிய வேகத்தில் பாதிப் பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டுச் சபியா உம்மா மட்டும் ஓடவில்லை. வாசற்படியில் நின்றபடி ஆயத்துல் குர்ஸியைச் சத்தமாக ஓதி, பெட்டியைப் பார்த்து மூன்று தரம் ஊதினாள். கபூர் பிளக்கைப் பிடுங்கினார்.

"படம் வரல்ல எண்டானுகள்," என்றார் கபூர். "வந்திட்டு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜின் பெட்டி இருக்கிறது என்று பேச்சு. இரண்டு நாள் கழித்து, சந்தையில் மின்சாமான் கடை வைத்திருந்த ஸைனுலாப்தீன் வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். ஆயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னார்.

"குடுத்துருவம் புள்ள," என்றார் கபூர், அவர் போன பிறகு. "மிச்சத்த நான் எப்பிடியாவது புரட்டித் தாறன்."

"எங்கால புரட்டுவீங்க? ஒரு பஞ்சருக்கு ரெண்டு ரூவா. ரெண்டாயிரத்தி எழுநூறுக்கு எத்தின பஞ்சரு எண்டு கணக்குப் பாருங்க. ஊருல அவ்வளவு சைக்கிளும் இல்ல, அவ்வளவு முள்ளும் இல்ல."

பெருநாள் வரைக்கும் பார்ப்போம், பிறகு விற்றுவிடுவோம் என்று பேச்சு நின்றது.

முனவ்வறா தங்கக் கோட்டுக் கோப்பைகளை அலுமாரிக்குள்ளே வைத்துப் பூட்டினாள். சந்தையில் தேடி, பூவும் கோடும் இல்லாத சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு டசின் வாங்கினாள். அதற்கு முன்னால் அவள் செய்த இன்னொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். அவளே அதை மறைத்ததில்லை, பிற்காலத்தில் பெருமையாகவே சொல்லுவாள். நாமெல்லாம் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரு சஹனில் சாப்பிடுகிற ஆட்கள். எதைச் செய்தாலும் பெரிய தட்டில் ஒன்றாகத்தான் கை போகும். அவளும் குவைத்திலிருந்து கொண்டு வந்த பெரிய கண்ணாடித் தட்டில் ஒரே வட்டிலப்பமாக ஊற்றி உள்ளே வைத்தாள். கரையெல்லாம் சைக்கிள் டியூப் போல இறுகிவிட்டது. நடுவில் கரண்டி விட்டால் ஆறு ஓடியது.

"கரையை டியூபுக்கு ஒட்டலாம்," என்று கபூர் சொன்னார். சொல்லிவிட்டு நடுவில் இருந்ததைக் குடித்தார்.

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. சூடு கரைக்கு நன்றாக வருகிறது, நடுவுக்கு வர மறுக்கிறது. அப்படியானால் நடுவில் ஏன் வைக்க வேண்டும்? சஹனைச் சுற்றி ஆறு பேர் இருப்பது போல ஆறு கிண்ணத்தைக் கரையோரமாக வட்டமாக வைத்தாள். நடுவைச் சும்மா விட்டாள். ஆறும் ஒன்று போல வெந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் தேறியது. குமிழில் பல படம் இருந்தது. முழுச் சூட்டில் வைத்தால் முட்டை பொரிந்து துளை துளையாகப் போகும் என்று கண்டு, பனி விழுகிற படம் போட்ட மெல்லிய சூட்டுக்கு மாற்றினாள். அந்தப் படத்துக்கு நேரே ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டினாள். கருப்பட்டிப் பாகு ஆறாமல் முட்டையில் ஊற்றினால் திரியும். கரைசலைத் துணியில் வடிக்காவிட்டால் மேலே நுரை நிற்கும். கிண்ணத்தை மூடாவிட்டால் மேற்பாகம் காய்ந்து தோல் போடும், ஆகவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு எண்ணெய்க் கடதாசி.

இதிலெல்லாம் பெரியது, எப்போது நிறுத்துவது என்பது. முழுக்க இறுகும் வரை விட்டால் வெளியே எடுத்த பிறகும் அது உள்ளுக்குள்ளே வெந்துகொண்டே இருந்து கல்லாகிவிடும். கரை பிடித்து நடு இன்னும் தளதளவென்று ஆடும்போதே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திக் கதவைத் திறக்காமல் விட வேண்டும். எவ்வளவு நேரம்? வீட்டில் மணிக்கூடு ஒன்று இருந்தது, அது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். முனவ்வறா தொழுகைப் பாயிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றொன்பது மணி. ஒரு மணியை உருட்டும்போது நபியின் மேல் ஒரு ஸலவாத்து ஓதுவாள். இரண்டு சுற்று முடிந்தால் கதவைத் திறப்பாள்.

"வட்டிலப்பத்துக்குத் திக்ரா புள்ள?" என்று கபூர் கேட்டார்.

"வாயும் சும்மா இரிக்கல்ல, வட்டிலப்பமும் பழுதாகல்ல. உங்களுக்கு என்ன நட்டம்?"

அவருக்கு நட்டமில்லைதான். பழுதான கிண்ணமெல்லாம் அவருக்கே போனது. மாசியும் பங்குனியுமாக எண்பத்தொரு கிண்ணம் தின்றார். இதை முனவ்வறா ஒரு கடதாசியில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் கச்சிமுகம்மது ஹாஜியாரின் சாப்பாட்டுக் கடை. பங்குனி மாதம் ஒரு நாள் முனவ்வறா ஆறு கிண்ணம் கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தாள். ஹாஜியார் பேச்சுக் குறைந்த ஆள். ஒரு கரண்டி எடுத்தார், இன்னொரு கரண்டி எடுத்தார், கிண்ணம் வெறுமையானது.

"புகை மணக்கல்லியே தங்கச்சி."

"புகை இல்லாத அடுப்பு காக்கா."

"ஜின்னுப் பெட்டியா?"

"ஜின்னுக்குச் சம்பளம் குடுக்கத் தேவல்ல. அதால நாலு ரூவாக்குத் தரலாம்."

ஹாஜியார் சிரித்தார். விறகில் அவித்து அவருக்கு வருகிற வட்டிலப்பத்தில் பாலோடு புகையும் ஏறியிருக்கும், ஆவித்தண்ணி சொட்டி மேலே குழி குழியாக இருக்கும். இவளுடையது கண்ணாடி போல வழுவழுப்பு. நாளுக்கு இருபத்து நாலு கிண்ணம் என்று பேசி முடிந்தது. செலவு போக ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சியது. ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுதுவிட்டு நாலு தரம் பெட்டியை ஓட விடுவாள். கபூர் கடை திறக்கப் போகிற வழியில் கொண்டு போய்க் கொடுப்பார். வைகாசி முடிகிறபோது கடன் காசில் ஏறக்குறையப் பாதி ஒரு பால்மாத் தகரத்துக்குள்ளே சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் நோன்பு வந்தது. பகலில் ஹாஜியாரின் கடை பூட்டு. பொழுது சாய்ந்து நோன்பு திறக்கிற மம்மல் நேரத்துக்குத்தான் சனம் வரும்.

"அறுபது வேணும். மம்மலுக்குச் சுடச்சுட வரணும்," என்றார் ஹாஜியார்.

அறுபது என்றதும் முனவ்வறாவின் மனம் கணக்குப் போட்டது. ஒரு நோன்பு மாதத்திலேயே கடன் தீர்ந்துவிடும். மத்தியானம் கழிந்ததும் கரைசலைத் தயார் செய்து, மஃரிபுக்கு முன்னால் வரிசையாகப் பெட்டியை ஓட விட்டாள். அதே குமிழ், அதே பனிப் படம், அதே நிமிசம், அதே இரண்டு சுற்றுத் தஸ்பீஹ். நோன்பு பிடித்திருந்ததால் ருசி பார்க்க முடியாது. கிண்ணத்தை அசைத்துப் பார்த்தாள், ஆடியது. ஆறினால் இறுகிவிடும் என்று கடதாசியை எடுக்காமலே அனுப்பிவிட்டாள்.

நோன்பு திறந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கபூர் கூடையோடு திரும்பி வந்தார். ஐம்பத்து நாலு கிண்ணம் அப்படியே இருந்தது. பின்னால் ஹாஜியாரும் வந்தார்.

"தங்கச்சி, வட்டிலப்பம் கேட்டவனுக்குக் கஞ்சி குடுத்த எண்டு கடையில சிரிக்கிறாங்க. ஒருத்தன் கரண்டிய வெச்சிட்டு, கிண்ணத்தத் தூக்கிக் குடிச்சான்."

"ஒரு நாளும் இப்பிடி ஆகல்ல காக்கா."

"நான் குத்தம் சொல்லல்ல. நோன்பு கழியட்டும், பார்ப்பம்."

பார்ப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்குப் போன முட்டையும் கருப்பட்டியும் பால்மாத் தகரத்திலிருந்து நூற்று ஐம்பது ரூபாயைத் தின்றுவிட்டது.

கெட்ட நேரம் தனியாக வருமா? அடுத்த நாள் பின்னேரம் சுபைறா வந்தாள். மருதமுனையிலிருந்து சும்மா வந்ததாகச் சொன்னாள். சும்மா ஒருத்தி நோன்போடு அவ்வளவு தூரம் வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் கேக்க வரல்லகா," என்றாள் சுபைறா. "மாப்புள்ள வீட்டாக்கள் நேத்து வந்து செவரப் பார்த்தாங்க. பார்த்திட்டு மேல பார்த்தாங்க. வானம் தெரிஞ்சிச்சி. ஒண்டும் சொல்லாமப் போயிட்டாங்க. சொல்லியிருந்தா நல்லம்."

"தருவன் ராத்தா. சொன்னத்துக்குள்ள தருவன்."

"தருவ எண்டு தெரியும். எனக்குப் பயம் உன்னப் பத்தியில்ல. இந்தப் பெட்டியப் பத்தி."

மஃரிபு நெருங்கியது. நோன்பு திறக்கச் சுபைறாவை இருக்கச் சொல்லிவிட்டு, முனவ்வறா பிடிவாதமாக இன்னும் ஆறு கிண்ணம் உள்ளே வைத்தாள். பெட்டி ஓடியது. கதவுக் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. உள்ளே எரிகிற சின்ன வெளிச்சம் மஞ்சளாக, நோயாளியின் கண் போல இருந்தது. விடியற்காலையில் அது வெள்ளையாகப் பளிச்சென்று எரியும். பெட்டியின் சத்தத்திலும் ஒரு சோர்வு இருந்தது. தலையை நிமிர்த்தி விறாந்தை பல்பைப் பார்த்தாள். அதுவும் மஞ்சள்தான்.

மறுநாள் பாண்டிருப்புக்கு ஆள் அனுப்பினாள். குணம் சைக்கிளில் வந்தான். வயரைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான்.

"பெட்டியில பழுது இல்ல அக்கா. மம்மலுக்கு ஊரெல்லாம் ஒரே நேரத்துல லைட்டப் போடுவாங்க. நோன்பு நாளில இன்னும் கூட. கரண்ட் மெலிஞ்சிரும். வாய்க்கால்ல மேல எல்லாரும் தண்ணியத் திருப்பினா, கடைசி வயலுக்கு எவ்வளவு வரும்? உங்கட வீடு கடைசி வயல்."

"அப்ப மம்மலுக்கு இதுல ஆக்க ஏலாதா தம்பி?"

"ஆக்கலாம். நேரம் கூட எடுக்கும். எவ்வளவு கூட எண்டு என்னால சொல்ல ஏலா. நாளுக்கு நாள் மாறும்."

குணம் போய்விட்டான். அவளுடைய இடத்தில் படித்த ஒருவர் இருந்தால் கரண்டை அளக்க ஒரு மீற்றரைத் தேடிப் போயிருப்பார். முனவ்வறா ஒரு கோப்பைத் தண்ணீரைத் தேடினாள். அடுத்த நாள் விடியற்காலையில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சைத்தண்ணி ஊற்றி, பெட்டிக்குள்ளே முழுச் சூட்டில் வைத்து, தஸ்பீஹை உருட்டத் தொடங்கினாள். சரியாக ஒரு சுற்று முடிய, தண்ணீர் கொதித்தது. அன்றைக்குப் பின்னேரம் அதே கிண்ணத்தில் அதே அளவு தண்ணீர். ஒரு சுற்று முடிந்தது, கொதிக்கவில்லை. மேலும் அரைச் சுற்று முடிந்தது, அப்போதுதான் குமிழி எழும்பியது.

அவ்வளவுதான் விஷயம். தண்ணீருக்கு ஒன்றரைச் சுற்று என்றால் வட்டிலப்பத்துக்கும் ஒன்றரை மடங்கு நேரம். ஒவ்வொரு நாளும் முதலில் தண்ணீரை வைத்து அன்றைய கரண்டை அளப்பாள். ஒரு சுற்றுக்குமேல் எத்தனை மணி கூடுதலாகப் போகிறதோ அதற்குத் தக்கபடி நேரத்தைக் கூட்டுவாள். நடுவில் வெளிச்சம் மங்கினால், ஓட்டத்தை நிறுத்தித் திரும்பவும் தண்ணீரை வைத்து அளப்பாள். மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பொம்பிளை, குவைத்துப் பெட்டியின் வலுவை முஸல்லாப் பாயில் கிடந்த மணியால் அளந்தாள். இதை ஆராவது புத்தகத்தில் பார்த்திருந்தால் சொல்லட்டும்.

ஆனால் ஊரைச் சிரிக்க வைத்தவள் திரும்ப ஊரின் முன்னால்தான் நிற்க வேண்டும். பத்தாம் நோன்பு அன்று, கபூரை அனுப்பாமல் தானே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறு கிண்ணத்தோடு ஹாஜியாரின் கடைக்குப் போனாள். மம்மல் கரண்டில் வெந்த கிண்ணங்கள். கடையில் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"குடிக்கிற வட்டிலப்பம் வருகுது," என்று ஒருவன் சொன்னான்.

முனவ்வறா ஹாஜியாருக்கு முன்னால் ஒரு பீங்கான் தட்டை வைத்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் கத்தி ஓட்டி, அதன்மேல் குப்புறக் கவிழ்த்தாள். மெதுவாகத் தூக்கினாள். வட்டிலப்பம் கிண்ணத்தின் உருவத்திலேயே, ஒரு துளி தண்ணி விடாமல் நின்றது. ஹாஜியார் பீங்கானைப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது, உடையவில்லை.

"இது விடியக் காலமை ஆக்கினதா?"

"இப்ப ஆக்கின. தொட்டுப் பாருங்க காக்கா, சூடு இரிக்கி."

ஹாஜியார் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தவனின் பக்கம் பீங்கானைத் தள்ளினார்.

"குடி பார்ப்பம்," என்றார்.

அவன் தின்றான். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். நாளைக்கு அறுபது என்று ஹாஜியார் சொன்னபோது முனவ்வறா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கபூரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நோன்பு முடியும் வரை ஒரு கிண்ணம்கூடத் திரும்பி வரவில்லை. ஜின் பெட்டிக்கு ஊதிய சபியா உம்மாவே பெருநாளைக்குப் பத்துக் கிண்ணம் கேட்டு வந்தாள், ஊதினதால்தான் பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று விலையில் குறைத்தும் கேட்டாள். முனவ்வறா ஒரு ரூபாய் குறைத்தாள். பெருநாளைக்கு மட்டும் இருநூற்றைம்பது கிண்ணம் போனது. ஸைனுலாப்தீன் திரும்பவும் வந்து மூவாயிரம் தருவதாகச் சொன்னார். அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினார்கள். காசு வாங்கித்தான்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் பால்மாத் தகரத்தைப் பாயில் கொட்டி எண்ணினாள். மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. முந்நூற்று இருபத்து நாலு குறைந்தது.

"இன்னும் ரெண்டு கிழமையில வந்திரும்," என்றார் கபூர்.

"ரெண்டு கிழமை வேணா. இஞ்ச கொண்டாங்க." கோடு போட்ட கடதாசியை எடுத்து அவருக்கு முன்னால் விரித்தாள். "எண்பத்தியொரு கிண்ணம். கிண்ணம் நாலு ரூவா. முந்நூத்தி இருவத்தி நாலு."

கபூர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழுதானதுக்குமா காசி?"

"பழுது எண்டு ஒரு நாளாவது மிச்சம் வெச்சீங்களா?"

அவர் எழும்பிக் கடைக்குப் போனார். சைக்கிள் சாமான் வாங்க வைத்திருந்த காசிலிருந்து முந்நூற்று இருபத்து நாலு ரூபாயை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வைத்தார். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் கடைக்கு வந்த ஒவ்வொருவனிடமும், தன்னுடைய பெண்சாதிக்குத் தானே வாடிக்கைக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த நாள் காலையில் முனவ்வறா பஸ் ஏறி மருதமுனைக்குப் போனாள். சுபைறா மகளுக்குக் கட்டுகிற வீட்டுக்குள்ளே நின்றாள். நாலு சுவரும் பூசியிருந்தது. மேலே குறுக்கு மரம் மட்டும் இருந்தது, வெயில் நேராக நிலத்தில் விழுந்தது. நிலத்தில் விரித்திருந்த பாயில் இருவரும் இருந்தார்கள். முனவ்வறா துணி முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகக் கசங்கிய நோட்டு, நடுவில் சில்லறை.

"பள்ளி உண்டியல உடைச்சிட்டு வந்தயாகா?"

"நாலு ரூவா நாலு ரூவாயா வந்த காசி ராத்தா. அப்பிடித்தான் இரிக்கும். கையை நீட்டுங்க."

"வெச்சிட்டுப் போ. நான் பொறகு எண்ணுறன்."

"சாட்சி இல்லாமத் தந்த நீங்க. எண்ணாம நான் தரமாட்டன்."

சுபைறா கையை நீட்டினாள். குவைத்தில் மூன்று வருடம் சவர்க்காரத் தண்ணியில் ஊறி, விரல் மடிப்பெல்லாம் வெடித்த கை. முனவ்வறா வாய்விட்டு எண்ணி ஒவ்வொரு நூறாக அதில் வைத்தாள். நூறு முடிய, சுபைறா அதை மடியில் போட்டுவிட்டுத் திரும்பக் கையை விரிப்பாள். இருபதாவது நூறில் கூரை ஓடு விற்கிறவரின் கணக்கப்பிள்ளை காசுக்காக வந்து வாசலில் எட்டிப் பார்த்தார். சுபைறா அவரை நிற்கச் சொல்லிக் கண்ணால் காட்டினாள். முப்பத்தெட்டாவது நூறில் ஒரு பத்து ரூபாய் நோட்டுக் கிழிந்திருந்தது, முனவ்வறா அதை எடுத்துவிட்டுத் தன் பஸ் காசிலிருந்து வேறு நோட்டு வைத்தாள்.

நாற்பத்திரண்டாவது நூறுக்கு நோட்டுப் போதவில்லை. சில்லறை தொடங்கியது. தொண்ணூற்றாறு வரை எண்ணி வைத்தாள். பிறகு மிஞ்சியிருந்த நாலு ஒரு ரூபாய் நாணயக் குத்தியையும், தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு என்று சொல்லி, விரிந்திருந்த அந்தக் கைக்குள்ளே ஒவ்வொன்றாக வைத்தாள்.